ராஜாவுக்கு கிறுக்குன்னு யாரு சொன்னா? மூணாம் ஜார்ஜுக்கு ஒரு கேஸ் ஷீட்

போன ஐப்பசியில, மழைக்கு கரண்ட் போயி போயி வந்துக்கிட்டு இருந்த ஒரு ராத்திரி, தக்கலையில அக்கா வீட்ல உக்காந்து 1994ல வந்த அந்த இங்கிலீஷ் ராஜா படத்த பாத்தோம். இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்கு புத்தி கலங்கி, அரண்மனைக்குள்ள ஆளாளுக்கு கட்சி பிரிஞ்சு அடிச்சிக்கிட்ட கதை. படம் முடியற இடத்துல, ராஜாவோட மூத்திரம் கலர் மாறி இருந்துச்சு, அதனால போர்ஃபிரியான்னு ஒரு வியாதியா இருந்திருக்கலாம்னு எழுத்து போடுவான். அத்தான் டப்புனு கைய தட்டி, "பாத்தியா மாப்ள, கிறுக்கே கெடயாது, எல்லாம் மூத்திரத்துல இருக்கு, கேஸ் முடிஞ்சு"ன்னு சொல்லிட்டு சோறு திங்க எழும்பி போயிட்டாரு.

எனக்கு மனசு ஒப்பல. நான் மனநல வார்டுல 23 வருஷம் நர்ஸ் டூட்டி பாத்து ரிட்டயர் ஆனவன். கேஸ் ஷீட்டுல பேரு, வயசு, ஊரு எல்லாம் எழுதினதுக்கு கீழ ஒரு கட்டம் உண்டு: தகவல் சொன்னவர் யாரு, நோயாளிக்கு என்ன உறவு, சொல்றத நம்பலாமா. புதுசா டூட்டிக்கு வாற பிள்ளைங்க அதுல "மகன், நம்பலாம்"னு எழுதிட்டு அடுத்த பக்கம் திருப்பிருவாங்க. வயித்துவலிக்காரன் தன் வலிய தானே சொல்லிருவான், ஆனா புத்தி கலங்கினவனுக்கு பக்கத்துல நிக்கவன் சொல்றதுதான் கேஸே, அவனுக்கு இதுல என்ன லாபம் என்ன நட்டம்னு பாக்காம எழுதினா அந்த பேப்பர் எதுக்கும் உதவாது. படத்துல அந்த கட்டத்தத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். அதனால ராஜாவுக்கு நானே ஒரு கேஸ் ஷீட் எழுதி பாத்தேன், முறையாத்தான் ஆரம்பிச்சேன், பாதியில முறை எல்லாம் மழையோட போயிருச்சு, பொறுத்துக்கோங்க.

ஆளு

பேரு ஜார்ஜ், பொறந்தது 1738 ஜூன் 4. 1760ல, 22 வயசுல பட்டத்துக்கு வந்தாரு. மறுவருஷம் சார்லட்ட கட்டி 15 பிள்ளைங்க. குடிச்சு கூத்தடிக்க ஆளு கெடயாது, காலையில வெள்ளென எழும்பி சோலிய பாக்கற மனுஷன், விவசாயத்துல அவ்வளவு பிரியம், அதனால ஊருல விவசாயி ஜார்ஜுன்னே கிண்டல் பண்ணுவாங்க. கடிகாரம், டெலஸ்கோப், நட்சத்திரம் இதுல எல்லாம் கிறுக்கு (இந்த கிறுக்கு வேற). யுரேனஸ கண்டுபிடிச்ச ஹெர்ஷலுக்கு வருஷத்துக்கு 200 பவுண்ட் குடுத்து வானத்த பாக்க விட்டதே இவருதான். 1783ல அமெரிக்கா கையவிட்டு போச்சு. அதே வருஷம் மே மாசம் ஆக்டேவியஸ்ங்கற கடைக்குட்டி பையன் நாலு வயசுல செத்துப்போனான், அதுக்கு முந்தின வருஷம் இன்னொரு சின்னவன் ஆல்ஃபிரட். அமெரிக்காவ எல்லாரும் எழுதுவாங்க, நான் ஆக்டேவியஸுக்கு அடியில கோடு போட்டு வச்சேன், எதுக்குன்னு பின்னால தெரியும்.

மூத்த மகன் வேல்ஸ் இளவரசன் அப்படியே நேர் எதிர். கடன்னா கடன், 1787ல பார்லிமெண்டே 161,000 பவுண்ட் குடுத்து அடைச்சுது. 1785ல மரியா ஃபிட்ஸெர்பர்ட்டுன்னு ஒரு கத்தோலிக்க விதவைய ரகசியமா கல்யாணம் கட்டியிருக்கான், அப்பா சம்மதம் இல்லாம கட்டினா அந்தக் காலத்து சட்டப்படி செல்லாது, கத்தோலிக்கப் பொண்ண கட்டினா பட்டமும் கெடைக்காது. அதாவது அப்பா சீக்கிரம் போனா இவனுக்கு சொகம், அப்பா கெட்டியா இருந்தா கடன்காரன் வாசல்ல. தகவல் சொல்ல வாற மொத ஆளு இவன்தான்னு நெனச்சுக்கோங்க.

நோய் வந்த விதம்

1788 ஜூன்ல வயித்துல பிடிச்சு இழுத்துருக்கு. செல்ட்டன்ஹாம்னு ஒரு ஊருக்கு போயி ஊத்துத் தண்ணி குடிச்சாரு, நம்ம ஆளுங்க குத்தாலத்துக்கு போறாப்ல. கொஞ்சம் தேவல. அக்டோபர் 17 ராத்திரி மறுபடியும் பயங்கர வலி. டாக்டர் சர் ஜார்ஜ் பேக்கர் விளக்கெண்ணெயும் நிலாவாரையும் குடுத்து பேதியாக்கினாரு, அது அளவுக்கு மேல போயி ஆளு துவண்டதும் அபின் கலந்த மருந்து. காலுல பிடிப்பு, தூக்கம் இல்ல, பேச்சு ஓயல. அக்டோபர் 24ஆம் தேதி நடக்க முடியாத நெலமையிலயும் தர்பாருக்கு வந்து முகம் காட்டினாரு, ஏன்னா ராஜாவுக்கு முடியலன்னு வதந்தி கெளம்பினா பங்கு விலை இறங்கிரும். அன்னைக்கே அந்த ஒடம்பு ஒரு தனி மனுஷனுக்கு சொந்தமா இல்லாம போச்சு.

நவம்பர் 5, விண்ட்சர்ல ராத்திரி சாப்பாடு. திடீர்னு எழும்பி மூத்த மகன பிடிச்சு செவுத்தோட தள்ளிட்டாருன்னு சொல்றாங்க. ராணிக்கு வெப்ராளம் வந்து அழுதிருக்கா. அதுக்கப்புறம் தொண்டை கட்டி கம்முற வரைக்கும் பேச்சு, ஒருக்கா 19 மணி நேரம் நிறுத்தாம பேசினதா எழுதி வச்சிருக்காங்க. லண்டன் தண்ணிக்குள்ள முங்கிருச்சுங்காரு, செத்துப்போனவங்களுக்கு உத்தரவு போடறாரு, பெம்ப்ரோக் சீமாட்டிதான் தன் பொண்டாட்டிங்காரு (அந்த அம்மாவுக்கு அப்ப அம்பது வயசு, தப்பு தண்டா எதுலயும் இல்லாதவங்க). டிசம்பர்ல ஒருநா தலகாணி ஒண்ண மடியில வச்சிக்கிட்டு, இதுதான் ஆக்டேவியஸ், இன்னைக்குத்தான் பொறந்திருக்கான்னு சொல்லியிருக்காரு. கூடவே நின்ன ஊழியர் ராபர்ட் கிரெவில் அத டைரியில குறிச்சு வச்சிருக்காரு.

இத வாசிச்சதும் நான் மூடி வச்சிட்டு எழும்பி போயி ஒரு கட்டன்சாயா போட்டு குடிச்சேன். 23 வருஷத்துல துணிய சுருட்டி பிள்ளைன்னு தாலாட்டின நாலஞ்சு பேர பாத்திருக்கேன். மாத்திரை குடுக்கும்போது அந்த துணிய அவங்க கையில இருந்து வாங்கக்கூடாது, "பிள்ளைய இந்தக் கையில மாத்திக்கோங்க"ன்னு சொல்லி மத்த கையில குடுக்கணும். அது யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல.

கதவுக்கு வெளிய இருந்து டயக்னோஸிஸ்

இனிதான் விஷயமே. ராஜாவுக்கு பேக்கர் ஒருத்தர் போதாதுன்னு ரிச்சர்ட் வாரன்னு ஒரு பெரிய டாக்டர வரவழைச்சாங்க. இவரு இளவரசனுக்கும் அவன் கட்சிக்காரங்களுக்கும் வைத்தியம் பாக்கற ஆளு. ராஜா அவர உள்ள விட மாட்டேன்னுட்டாரு. அப்ப வாரன் என்ன செஞ்சாரு, பக்கத்து ரூம்ல நின்னு கதவு வழியா ராஜா பேசறத கேட்டாரு. நாடி பிடிக்கல, நாக்கு பாக்கல, மூஞ்சிய கூட பாக்கல. ராணி அடுத்த அறையில காத்துக்கிட்டு இருக்கா, டாக்டர் வந்து என்ன சொல்லப் போறாரோன்னு. ரொம்ப நேரம் ஆயும் ஆள காணல, ஆள விட்டு பாத்தா நேரா இளவரசன்கிட்ட போயி சொல்லிட்டு போயிட்டாராம். அரண்மனையில ராணிக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கற வேலையில இருந்த ஃபேனி பர்னி இத எழுதி வச்சிருக்கா. அப்புறம் வாரன் ஒரு சீமாட்டிக்கு லத்தீன்ல கடுதாசி போட்டாரு, நம்ம ராஜாவுக்கு பைத்தியம், காய்ச்சலும் இல்ல, சாவற அறிகுறியும் இல்லன்னு. பொண்டாட்டிக்கு சொல்லாத டயக்னோஸிஸ் ஊருக்குள்ள லத்தீன்ல சுத்துது.

இங்க எங்க பாட்டா கதைய சொல்லாம முடியாது. அம்மாவோட அப்பா, குலசேகரம் பக்கம், அப்ப 71 வயசு. ஒரு சித்திரை மாசம் திடீர்னு ராத்திரி எழும்பி ரப்பர் வெட்டற கத்திய எடுத்துக்கிட்டு இருட்டுல தோட்டத்துக்கு போனாரு, செத்துப்போன பாட்டிய கூப்பிட்டாரு, மாமாமாரு ரெண்டு பேரையும் யாருன்னு கேட்டாரு. ஓர்மை சுத்தமா போச்சு. மூணாவது நாளு மூத்த மாமா ஒரு டாக்டர்கிட்ட போயி புத்தி சரியில்லன்னு எழுதி வாங்கிட்டு வந்தாரு, ஏன்னா பாட்டா முந்தின மாசம்தான் இளையவருக்கு நாப்பது சென்ட் எழுதி வச்சிருந்தாரு, அது செல்லாதுன்னு ஆக்கணும். அஞ்சாவது நாளு இளைய மாமா இன்னொரு டாக்டர்கிட்ட போயி புத்தி தெளிவா இருக்குன்னு வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு டாக்டரும் பாட்டாவ பாக்கவே இல்ல! நான் லீவு போட்டு போனப்ப ஆளு வேத்து விறுவிறுத்து படுத்திருக்காரு, தொட்டா கொதிக்குது, மூத்திரம் நாத்தம் குடல பிடுங்குது. மூத்திரக்குழாயில இன்ஃபெக்ஷன், வயசானவங்களுக்கு அது வந்தா மொதல்ல புத்திதான் கலங்கும், காய்ச்சல் கூட சில பேருக்கு தெரியாது. ஊசி போட்டு ஒம்பதாவது நாளு எழும்பி உக்காந்து கஞ்சி குடிச்சிட்டு, "எவம்லே எனக்கு பிராந்துன்னு எழுதி வாங்கினது?"ன்னு கேட்டாரு. ரெண்டு மாமாவும் தோட்டத்துக்கு சோலியா போயிட்டாங்க.

அதனால அத்தான் மூத்திரத்துல இருக்கு விஷயம்னு சொன்னப்ப நான் சிரிக்கல. அது எப்பவும் பாக்க வேண்டிய சாமான்தான். ஆனா மூத்திரத்த விட, எழுதி வாங்கினவன் யாருன்னு பாக்கறது இன்னும் அவசரம்.

வில்லிஸ்

நவம்பர் 29 ராஜாவ கியூ அரண்மனைக்கு கொண்டு போனாங்க, அங்க வந்தா பொண்டாட்டி பிள்ளைங்கள பாக்கலாம்னு ஆச காட்டி. போனா பாக்க விடல. வெயில் காலத்துக்கு கட்டின வீடு, உள்ள குளிர் குத்துது. டிசம்பர் 5 ஃபிரான்ஸிஸ் வில்லிஸ் வந்தாரு, 70 வயசு, மொதல்ல பாதிரியார், அப்புறம் லிங்கன்ஷயர்ல சொந்தமா மனநோயாளிகளுக்கு ஒரு வீடு வச்சு நடத்தினவரு. அங்க நோயாளிங்க கறுப்பு கோட்டும் வெள்ளை உள்கோட்டும் போட்டு வயல்ல வேலை செய்வாங்களாம்.

மொத சந்திப்புலயே ராஜா கேட்டாரு, உடுப்ப பாத்தா நீரு திருச்சபைக்காரர் மாதிரி இருக்கே? முன்ன இருந்தேன், இப்ப வைத்தியம்னு இவரு. எனக்கு ரொம்ப பிடிச்ச தொழில விட்டுட்டு நான் அறவே வெறுக்கற தொழிலுக்கு போயிட்டீரேன்னு ராஜா. நம்ம ரட்சகரே நோயாளிகள சொஸ்தமாக்கிட்டுத்தான் சுத்தினாருன்னு வில்லிஸ். அதுக்கு ராஜா, "ஆமா ஆமா, ஆனா அவருக்கு அதுக்கு வருஷம் 700 பவுண்ட் சம்பளம் இல்லையே!" கிரெவில் டைரியில உள்ளதுதான் இது. நான் கேஸ் ஷீட்டுல எழுதினேன்: எதிர்ல நிக்கது யாரு, அவன் எதுக்கு வந்திருக்கான், என்ன வாங்கறான், மூணும் நோயாளிக்கு தெரியுது.

வில்லிஸோட முறை சுத்தமா அதட்டல்தான். சொன்னபடி கேட்டா வெளிய நடக்கலாம், சாப்பாட்டுக்கு கத்தி முள்ளு கெடைக்கும், கேக்கலன்னா கைய கட்டற சட்டை, அதுவும் போதலன்னா ஒரு நாற்காலியில வச்சு கட்டறது. ராஜா அந்த நாற்காலிக்கு வச்ச பேரு, பட்டாபிஷேக நாற்காலி. காலுல எரிச்சல் மருந்து வச்சு கட்டி கொப்பளம் வர வச்சு, அதுல வடியற நீரோட நோயும் எறங்கிரும்னு நம்பினாங்க, அது புண்ணாகி அவரு துடிச்சாரு, துடிச்சதுக்கு மறுபடியும் கட்டினாங்க. இதெல்லாம் 1788ன்னு விட்டுர முடியல. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில தீப்பிடிச்சப்ப சங்கிலியில கட்டிக் கெடந்தவங்க 28 பேரு செத்தாங்க, அப்ப எனக்கு டூட்டி, ரேடியோவுல கேட்டுட்டு வார்டுல யாரும் யார் மூஞ்சியும் பாக்கல. இப்ப 2017 சட்டப்படி தண்டனைக்காக ஒருத்தர கட்டக்கூடாது, உடனே ஆபத்து வரப்போகுது, வேற வழியே இல்லன்னா மட்டும், அதுவும் டாக்டர் அனுமதியோட, எழுத்துல.

ஆனா வில்லிஸ நான் வில்லனா எழுத மாட்டேன். வாரன் கதவுக்கு வெளிய நின்னாரு, இவரு உள்ள போயி உக்காந்தாரு. அப்புறம் அவரு சொஸ்தமாகும்னு உறுதியா சொன்னாரு, மூணு மாசத்துக்குள்ள என்கிட்ட கொண்டு வந்தா பத்துல ஒம்பது பேரு தேறிருவாங்கன்னு பார்லிமெண்ட் கமிட்டி முன்னால பெருமை வேற. கூடவே சொல்லணும், தேறினா அவருக்கு லாபம், அவரு ராணி கட்சி, பிரதமர் பிட் கட்சி. வாரனுக்கு தேறாட்டி லாபம். தினமும் வெளியில ஒட்டற அறிக்கையில "ராத்திரி அமைதியா கழிஞ்சுது"ன்னு போடணுமா "முன்னைக்கு தேவல"ன்னு போடணுமான்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாங்க, ஒரு வார்த்தைக்கு ஒரு மந்திரிசபை தொங்கிட்டு நின்னுது.

தொப்பி

அரண்மனை சதின்னா நமக்கு விஷம், கத்தின்னு தோணும், அங்க நடந்தது எல்லாம் பேச்சும் ஓட்டும்தான். பிரதமர் பிட்டுக்கு அப்ப 29 வயசு. இளவரசனோட கூட்டாளியான எதிர்க்கட்சி ஃபாக்ஸ் இத்தாலியில சுத்திக்கிட்டு இருந்தவரு, தகவல் கேட்டு விழுந்தடிச்சு ஓடி வந்தாரு. டிசம்பர் 10 சபையில எழும்பி, ராஜாவுக்கு முடியலன்னா மகனுக்கு ஆளற உரிமை தானா வந்துரும், பார்லிமெண்ட் குடுக்க வேண்டியது இல்லன்னுட்டாரு. வாழ்க்கை பூரா ராஜாவ விட பார்லிமெண்ட்தான் பெருசுன்னு பேசின கட்சிக்காரரு! பிட்டுக்கு லட்டு மாதிரி ஆச்சு. 268க்கு 204 ஓட்டுல பிட் ஜெயிச்சாரு. மகன் ரீஜண்ட் (ராஜாவுக்கு பதிலா ஆளறவன்) ஆகலாம், ஆனா புதுசா பிரபு பட்டம் குடுக்க முடியாது, ராஜாவோட ஒடம்பு ராணி பொறுப்புலன்னு மசோதா. தாயும் மகனும் நேருக்கு நேரா ஆயிட்டாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு லார்ட் சான்ஸலர் (சட்டத்துக்கு பெரிய மந்திரி) தர்லோ, பிட் மந்திரிசபையிலயே இருந்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா இளவரசன்கிட்ட பதவி பேரம் பேசினவரு. ஒருநா மந்திரிங்க விண்ட்சர்ல கூடி முடிச்சு கெளம்பற நேரம் இவரு தொப்பிய காணலியாம், தேடறாங்க தேடறாங்க, அப்ப ஒரு சின்னப்பையன் ஓடி வந்து எல்லாரு முன்னாலயும், "ஐயா, இளவரசர் ரூம்ல இருந்துச்சு"ன்னு நீட்டினானாம். இப்படிப்பட்ட ஆளு சபையில கண்ணீரோட, "என் ராஜாவ நான் மறந்தா ஆண்டவர் என்னை மறக்கட்டும்"னாரு. பக்கத்துல கேட்டுக்கிட்டு இருந்த வில்க்ஸ்ங்கற எம்.பி., ஆண்டவர் ஒன்ன மறக்கவா, மொதல்ல நரகத்துல தள்ளிட்டுல்ல மறுவேலைன்னு முணுமுணுத்தாராம்.

எங்க அத்தான் இந்த எடத்துல, "நம்ம ஊர்ல இல்லாத சதியா"ன்னாரு. நெசந்தான். 1788ல இங்க பத்மநாபபுரத்துல திருவிதாங்கூர் தர்மராஜா இருந்தாரு, 1798ல அவரு நாடு நீங்கினதும் (காலமானதும்) பட்டத்துக்கு வந்தது 16 வயசு பாலராம வர்மா. பையனுக்கு ஒரு நோயும் இல்ல, ஆனாலும் சுத்தி நின்ன ஜயந்தன் நம்பூதிரி கூட்டம் அவன் பேர்ல நாட்ட ஆண்டுது, தலக்குளத்துல இருந்து வேலுத்தம்பி ஆளுங்கள திரட்டிக்கிட்டு போயித்தான் அத எறக்க வேண்டி வந்துச்சு. ராஜா பலவீனமா இருந்தா போதும், அது வயசாலயா வியாதியாலயான்னு சதிக்காரன் பாக்க மாட்டான். பத்மநாபபுரம் அரண்மனைக்கு போனா கைடு ஒரு கட்டில காட்டுவாங்க, 64 வகை மூலிகை மரத்துல செஞ்சது, ராஜா படுத்தா வியாதி அண்டாதுன்னு. இனிம அத பாக்கும்போது எனக்கு கியூவுல இருந்த நாற்காலிதான் ஓர்மை வரும்.

தேறினது

பிப்ரவரி 2, 1789. ஃபேனி பர்னி கியூ தோட்டத்துல நடந்துக்கிட்டு இருக்கா, ராஜா டாக்டருங்களோட எதிர்ல வாறாரு. யாரும் ராஜா கண்ணுல படக்கூடாதுன்னு உத்தரவு, அதனால ஒரே ஓட்டம். ராஜா பேர சொல்லி கூப்பிட்டுக்கிட்டே பின்னால ஓடறாரு, அவருக்கு பின்னால டாக்டருங்க ஓடறாங்க, நில்லுங்கம்மா, ஓடினா அவருக்குத்தான் கெடுதல்னு கத்தறாங்க. நின்னா. ராஜா வந்து தோளுல கைய வச்சு கன்னத்துல ஒரு முத்தம், அப்புறம் வாய் ஓயாம பேச்சு, ஆனா பேச்சுல அன்பும் அடையாளமும் இருக்கு. வார்டு பாஷையில சொன்னா நல்லா எறங்கி வருது, அடக்கம் மட்டும் இன்னும் முழுசா வரல, இன்னும் ரெண்டு மூணு வாரம்.

பிப்ரவரி 12 மசோதா கீழ்சபையில தேறிச்சு, மேல்சபையில ஓடிக்கிட்டு இருக்கும்போதே ராஜா தெளிஞ்சுட்டாருன்னு தர்லோவே எழும்பி சொல்ல வேண்டியதா போச்சு (தொப்பி தலையிலதான் இருந்திருக்கும்). பதவி பங்கு போட்டு பட்டியல் எழுதி வச்சவங்க எல்லாம் கைய பிசைஞ்சாங்க. அயர்லாந்து பார்லிமெண்ட் இளவரசனையே ரீஜண்டா ஏத்துக்கிட்டோம்னு ஆளுங்கள அனுப்பிச்சுது, அவங்க லண்டன் வந்து சேர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு. ஏப்ரல் 23 செயிண்ட் பால் கோயில்ல நன்றி ஆராதனை. அந்த கோடையில வேமவுத்ல ராஜா கடல்ல முங்கினப்ப பேண்டு வாத்தியம் வேற வாசிச்சாங்களாம், கன்னியாகுமரியில யாராவது முங்கும்போது நாதஸ்வரம் வாசிச்சா எப்படி இருக்கும்!

அப்ப என்ன நோய்

போர்ஃபிரியாவ கெளப்பினது மக்கால்பைன், ஹண்டர்னு ரெண்டு மனநல டாக்டருங்க, தாயும் மகனும், 1966ல. ரத்தத்துக்கு சிவப்பு குடுக்கற சாமான ஒடம்பு தயாரிக்கும்போது நடுவுல ஒரு கண்ணி பழுதாகி, பாதியில நிக்கற சரக்கு சேந்துருது. வயித்துவலி, கைகால் பலவீனம், புத்திக் கலக்கம், மூத்திரம் நிறம் மாறும். கேக்க பொருத்தமாத்தான் இருக்கு. 2005ல ராஜாவோட முடிய சோதிச்சு பத்து லட்சத்துல 17 பங்கு ஆர்சனிக் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, குடுத்த வாந்தி மருந்துல ஆண்டிமனி உண்டு, அதோட ஆர்சனிக் கலந்து வந்திருக்கும், அது போர்ஃபிரியாவ தூண்டியிருக்கும்னாங்க.

2010ல டிமோத்தி பீட்டர்ஸும் கூட ஒருத்தரும் அந்த மூல குறிப்புகள மறுபடி வாசிச்சு, இவங்க தங்களுக்கு தோதான வரிகள மட்டும் பொறுக்கியிருக்காங்கன்னு சொன்னாங்க. மூத்திரம் நிறம் மாறினதா சொல்ற எடம் கொஞ்சம், சாதாரணமா இருந்ததா சொல்ற எடம் நெறைய. ராஜாவுக்கு ஜென்ஷன்னு ஒரு நீலப்பூச்செடி மருந்து குடுத்திருக்காங்க, அதுலயே மூத்திரம் நீலமாகலாம். நான் அத்தான்கிட்ட கேட்டேன், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்னைக்கு ஒங்களுக்கு மஞ்சளா போவுதே, அது என்ன வியாதின்னு. பதில் இல்ல. போர்ஃபிரியாவுல வழக்கமா போறதும் நீலம் இல்ல, வெளிச்சத்துல வச்சா செவந்து கறுத்து வரும்.

என் கட்டத்துல நான் எழுதினது: மேனியா (மனசு அளவுக்கு மேல கெளம்பி ஓடறது), இருதுருவ நோய் (மனசு ஒருக்கா உச்சிக்கும் ஒருக்கா பள்ளத்துக்கும் போறது). தூக்கம் இல்ல, பேச்சு ஓயல, அடக்கம் போச்சு, நடுவுல ஆக்டேவியஸ் மாதிரி கனமான சோகம், நாலு மாசத்துல தானா எறங்கிருச்சு. மருந்தே இல்லாத காலத்துல ஒரு மேனியா கொஞ்ச மாசம் ஆடிட்டு தானாவே அடங்கறது உண்டு, அதனால வில்லிஸுக்கு போன புகழுல பாதி காலண்டருக்கு போவணும். 1801, 1804ன்னு திரும்பத் திரும்ப வந்துச்சு, நடுவுல முழுசா நல்லா இருந்தாரு. லண்டன்ல ஒரு யூனிவர்சிட்டியில அவரு கடுதாசிகள கம்ப்யூட்டர்ல போட்டு பாத்திருக்காங்க, நோய் நேரத்துல ஒரே வாக்கியத்துல 400 வார்த்தை, எட்டு வினைச்சொல் எல்லாம் வருமாம். என் வாக்கியத்த எண்ண ஆரம்பிக்காதீங்க. ஆனா முத அக்டோபர்ல வந்த அந்த வயித்துவலியும் கால் பிடிப்பும் மேனியாவுல அடங்காது, அந்த எடத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன், பாட்டாவுக்கு போட்டிருக்க வேண்டிய மாதிரி.

1801ல நடந்தத சொல்லிட்டு போறேன். தெளிஞ்சு எழும்பினவர வில்லிஸோட மகன்மாரு கியூவுல பிடிச்சு ஒரு மாசம் அடைச்சு வச்சாங்க. அரசாங்க பேப்பர் எல்லாம் கையெழுத்துக்கு உள்ள வருது, போட்டுக் குடுக்காரு, வெளிய மட்டும் விட மாட்டேங்காங்க. மே மாசம் ஒருநா சொன்னாரு, இன்னைக்கு என் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு விடலன்னா ஒரு பேப்பர்லயும் கையெழுத்து போட மாட்டேன். அன்னைக்கே விட்டாங்க. நாடாள புத்தி உண்டு, வீட்டுக்கு போவ புத்தி இல்லன்னு ஒரு மாசம் நடத்தியிருக்காங்க! பாட்டாவும் அப்படித்தான், சொஸ்தமான பின்னால ரெண்டு மாமாவும் பேப்பரோட வந்தப்ப பெருவிரல மடக்கி உள்ளங்கைக்குள்ள வச்சிக்கிட்டு கிழங்கும் மீன்கறியும் கேட்டாரு.

1810 நவம்பர்ல கடைசி மக அமெலியா செத்தா, 27 வயசு. அதுல விழுந்தவரு எழும்பல. 1811 பிப்ரவரியில மகன் ரீஜண்ட் ஆனான், 22 வருஷம் காத்திருந்து. விண்ட்சர்ல கண்ணும் போச்சு, காதும் போச்சு, வெள்ளத் தாடியோட இருந்தாரு. 1818ல ராணி செத்தது அவருக்கு ஒறைக்கல. 1819 கிறிஸ்துமஸ் நேரத்துல 58 மணி நேரம் பேசினாரு, 1820 ஜனவரி 29 காலமானாரு, 81 வயசு.

கடைசியில அந்த கட்டத்துக்கு வந்தேன். மகன், நம்ப முடியாது. வாரன், நோயாளிய பாக்கல. வில்லிஸ், சம்பளம். பிட், ஃபாக்ஸ், தர்லோ, எழுதவே வேண்டாம். ராணிய உள்ளயே விடல. தலகாணிய குறிச்சு வச்ச அந்த கிரெவில் பேரத்தான் எழுதினேன்: உறவு, ஊழியர். ராத்திரி டூட்டி பாத்தவரு. அத்தான் எட்டிப் பாத்துட்டு, "அவனும் சம்பளத்துக்குத்தான நின்னான்"னாரு. பேனாவ எடுத்து "நம்பலாம்"ங்கறதுக்கு பக்கத்துல "ஓரளவுக்கு"ன்னு சேத்துட்டு வச்சேன்.